உப்பு மட்டும் போட்ட தோல்

ஆம்பூரில் ஏறும்போது அந்தப் பை நாறவில்லை. எங்கள் ஊரில் எதுவுமே நாறாது. தோல் பதனிடும் டேனரிக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த மூக்குகளுக்கு அது ஒரு வாசனையே கிடையாது. மாதனூர் தாண்டிய பிறகுதான் பஸ்ஸில் ஒவ்வொருவராகத் துப்பட்டா, கைக்குட்டை, முந்தானை என்று தேட ஆரம்பித்தார்கள். கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரிசையில், என் அக்காவின் காலடியில் வந்து நின்றார்.

நான் பின் சீட்டில் இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான்தான். ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. யாரோ ஒரு பெண் என்பதுபோல ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். ஆட்டுத் தோல் என்றாள் அக்கா. எதற்கு என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவைப் பள்ளிகொண்டாவில் இறக்கிவிட்டார்கள்.

பஸ் நகர்வதற்குள் நானும் குதித்து இறங்கினேன். அவள் ரோட்டோரத்தில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைத் திட்டுவாள், நான் பதிலுக்கு ஏதாவது சொல்லுவேன், வேலூர் வரை சண்டை போட்டுக்கொண்டே போகலாம் என்று நினைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. மணியைப் பார்த்தாள். "ஐஸுல வெக்காம ஜாஸ்தி நேரம் ஆவக்கூடாது, வேற பஸ் பாரு" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு வேலூர் வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் சரித்திரத்தில் அது முதல் தடவை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். ஏதாவது காரியம் ஆக வேண்டுமானால் மட்டும் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் இருந்த படிப்பு மொத்தத்தையும் அவள் எடுத்துக்கொண்டதால் எனக்கு எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது என்பது என் வாதம். பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை ஹால் டிக்கெட்டோடு நேராக டேனரி வாசலுக்குப் போனேன். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களை இறக்கி, காது, வால், கால் நுனி என்று உதவாத ஓரங்களை வெட்டித் தள்ளும் வேலை. வெட்டிய துண்டுகளைப் பசை காய்ச்சுகிறவர்கள் லாரியில் வாரிப் போவார்கள்.

அக்கா ஃபார்மசி படித்தாள். அதிலேயே மேல்படிப்புப் படித்தாள். பிறகு வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். எங்கள் தெருவில் இது யாருக்கும் விளங்கவில்லை. டாக்டருக்குப் படிக்கிறாள், ஆனால் ஊசி போடமாட்டாள் என்றால் எப்படி விளங்கும்? நான்தான் உதவி செய்தேன். ஊசி போடப் பழகிக்கொண்டிருக்கிறாள், ஆள் கிடைக்காமல்தான் கஷ்டப்படுகிறாள் என்று சொல்லி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்க்கரை ரிப்போர்ட்டோடு ஏழு பேர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். அக்கா அத்தனை பேருடைய ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்து, பெரிய டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என் செருப்பைத் தூக்கி ஓட்டு மேல் எறிந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் காயம். அப்பாவும் டேனரிதான். தண்ணீர் தேங்கிய தரையில் நாளெல்லாம் நிற்கும் வேலை. சர்க்கரையும் சேர்ந்துகொள்ள, கால் விரலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறாமல் ஆறாமல் கடைசியில் விரலையே கொண்டுபோனது. அந்த மாதிரிப் புண்ணின் மேல் ஒட்டி வைக்க மெல்லிய படலம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அக்காவின் திட்டம். ஆட்டுத் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற சத்தைப் பிரித்து எடுத்து அதில் படலம் செய்வது. அதற்குள் ஆவாரம்பட்டைச் சாற்றைச் சேர்ப்பது. அந்தக் காலத்தில் தோலைப் பதப்படுத்தவே ஆவாரம்பட்டைதான். செத்த தோலையே அழுகாமல் காப்பாற்றுகிற பட்டை, உயிருள்ள தோலைக் காப்பாற்றாதா என்று அவள் கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தோல் நான் தருகிறேன் என்றேன்.

அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "உப்ப தவிர வேற எதுவும் பட்டிருக்கக்கூடாது. சுண்ணாம்புத் தொட்டிக்குப் போவறதுக்கு முன்னாடி, ட்ரம்முக்குப் போவறதுக்கு முன்னாடி, வண்டில வந்த மாதிரியே எனக்கு வேணும்." எங்கள் டேனரி மேஸ்திரி பாயிடம் அனுமதி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பொண்ணு படிப்புக்கு ஓரத்தை என்ன, ஒரு முழுத் தோலையே எடுத்துக்கொண்டு போ என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு பை என்று ஆரம்பித்தோம். மூன்றாவது பைதான் பள்ளிகொண்டாவில் இறங்கியது.

நாலாவது பையைக் கட்டும்போது எனக்கு அந்த ரோட்டோரம் ஞாபகம் வந்தது.

டேனரிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் கையை விட்டுப் போகிற சரக்கு நாறக் கூடாது. நாறினால் அது அவனுக்கு மானக்கேடு. தோலை ஊறவைக்கும் ட்ரம்மில் அழுகல் பிடிக்காமல் இருக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். கேனில் வரும், சோப்பு மாதிரி நுரைக்கும். ஒரு பக்கெட் தண்ணீரில் அந்தக் கேனின் மூடியால் ஒரு மூடி ஊற்றி, துண்டுகளை அதில் அலசி, திரும்ப உப்புத் தூவிக் கட்டினேன். சுத்தமாக நாற்றம் போய்விட்டது. அன்றைக்கு பஸ்ஸில் ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்லுவாள், எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குப் புத்திசாலி நான்.

இப்போது பை ஏன் நாறுவதில்லை என்று ஒரு தடவை கேட்டாள். பச்சை ஆடு, புதுசாக வெட்டியது, உனக்காகவே குளித்துவிட்டு வருகிறது என்றேன். சிரித்துவிட்டாள். நான் சொல்லும் எதையும் அவள் நம்பியதில்லை. அன்றைக்கும் நம்பியிருக்கமாட்டாள், ஆனால் தோண்டிக் கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நல்ல காலம். அக்காவின் படலம் லேபில் அட்டகாசம் செய்தது. கிருமியை ஒரு வட்டத் தட்டில் புல்வெளி மாதிரி வளர்ப்பார்களாம். நடுவில் படலத்தின் துண்டை வைப்பார்களாம். படலத்தில் சக்தி இருந்தால் அதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அக்காவுக்கு விழுந்த வட்டம் தட்டின் ஓரம் வரை போனதாம். போனில் படம் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினாள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்த களைப்போடு அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தோசை நல்லா வந்திருக்கு என்றாள். நான் அந்தத் தட்டையே தோசை என்று கூப்பிட ஆரம்பித்தேன். அக்காவும் நாளடைவில் அப்படியே சொன்னாள். "இன்னிக்கு ஏழு தோசை ஊத்தினேன், ஏழும் ஏ ஒன்" என்பாள்.

அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த மேடம் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறவர். அதற்குள் ஆராய்ச்சிப் புத்தகத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறு கைடு, வேறு கைடு என்றால் அநேகமாக வேறு தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. ஆனால் அவ்வளவு பெரிய வட்டம் விழும்போது யாருக்குப் பயம்? மேடமே சந்தோஷத்தில் இருந்தார்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் அக்கா வந்து, பையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அம்மா டீ கொடுத்தாள். அது ஆடை கட்டியது. நான் வழக்கம்போல, இன்னிக்குத் தோசை தீஞ்சிடுச்சா என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆவாரம் சேர்த்த படலத்தோடு, எதுவும் சேர்க்காத வெறும் படலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். வெறும் படலம் சும்மா இருக்க வேண்டும். ஆவாரம் படலம் மட்டும் கொல்ல வேண்டும். அப்போதுதான் கொன்றது ஆவாரம் என்று சொல்ல முடியும். வெறும் படலங்களை ஆரம்பத்திலேயே, முதல் பையில் வந்த தோலிலிருந்து நிறையச் செய்து வைத்திருந்தாள். அவை தீர்ந்துபோக, புதுப் பையிலிருந்து புதுசாகச் செய்தாள். அந்த வெறும் படலமும் கொல்கிறது. ஆவாரம் படலம் எவ்வளவு கொல்கிறதோ, அதே அளவு.

"அப்போ நான் ஒரு வருஷமா பாத்தது எதுவுமே ஆவாரம் இல்லமா. இன்னாதுனே தெரியல. மூணு தடவ திருப்பிச் செஞ்சு பாத்துட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. படிக்காதவன் என்று பெயர் எடுத்தவன் நான். ஆனால் அந்த ஒரு பாடம் மட்டும் ஒரே நொடியில் தலையில் இறங்கியது. நுரைக்கும் அந்த மூடி என் கண் முன்னால் வந்து நின்றது.

உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை, டேனரியில் கூட. மேஸ்திரி பாய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ஜுரமா என்று கேட்டார். மூன்றாம் நாள் காலை அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே என்னை நிறுத்தினாள்.

"இன்னாடா, வாய மூடிகினு சுத்தற. இன்னா பண்ணித் தொலச்ச?"

சொன்னேன். பள்ளிகொண்டாவிலிருந்து ஆரம்பித்து, பக்கெட், மூடி, நுரை, உப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று கொஞ்சம் தள்ளியே நின்றிருந்தேன். அவள் கையிலிருந்த ஈரத் துண்டைப் பிழிந்தாள். பிழிந்து தண்ணீர் போன பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"எந்தப் பையில இருந்து ஊத்துன?"

"நாலுல இருந்து."

"மொத மூணு?"

"உப்பு மட்டும். சத்தியமா."

"எவ்ளோ ஊத்துன?"

"பக்கெட்டுக்கு ஒரு மூடி. ரெண்டு தடவ மூடி வழிஞ்சிச்சு."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வழிந்ததையும் எழுதினாள். அந்த நோட்டை மூடிவிட்டு, கிளம்பு என்றாள். வேலூருக்குக் கூட்டிப்போனாள். கையில் கேனும் மூடியும். மேஸ்திரி பாயிடம் கேட்டு வாங்கியது.

கைடு மேடம் சின்ன உருவம், பெரிய கண்ணாடி. நான் சொல்வதைக் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். கொலாஜனைத் தண்ணீரில் நாள் கணக்காக வைத்துக் கழுவியும் இது போகவில்லை என்றால் தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம் என்றார். பிறகு, "அவன் ஊத்தினது தப்புதான். ஆனா வெறும் படலத்தையும் மருந்துப் படலத்தையும் ஒரே பையிலருந்து செய்யணும்னு உனக்கு நான் சொல்லிக் குடுத்தேனா இல்லையா?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்தாள். சொன்னீங்க மேடம் என்றாள். நேரம் மிச்சமாகும் என்று முன்னாலேயே செய்து வைத்துவிட்டேன் என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் முன்னால் கூட நிமிர்ந்து நின்றவள் அவள். என் தப்பை விட அவள் தலை குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை பை வேணும் மேடம் என்று கேட்டுவிட்டேன். மேடம் என்னைக் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். உப்பு மட்டும் போட்டது, வாரம் ஒன்று, பிந்தக் கூடாது என்றார். தன் ஓய்வுக்கு முன்னால் முடிக்க முடியுமா என்று அக்காவைக் கேட்டார். முடியும் என்று அவள் சொன்ன குரலில் தெம்பு இல்லை. ஆனால் சொன்னாள்.

நாற்றத்துக்கு வழி வேண்டுமே. மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி, ஐஸ் நிரப்பி, பைக்கின் பின்னால் கட்டினேன். வாரா வாரம் சனிக்கிழமை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பைக்கிலேயே போனேன். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் காட்டி நிறுத்துவார்கள், குல்பி வண்டி என்று நினைத்து. முதல் தடவை பெட்டியைத் திறந்து காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் நிறுத்தவில்லை. மழை பெய்த ஒரு சனிக்கிழமை, பாதி வழியில் ஐஸ் கரைந்து பெட்டியிலிருந்து சட்டை முதுகெல்லாம் வழிந்தது. அந்தக் கோலத்தோடு லேபுக்குள் போனேன். அக்காவோடு படிக்கிற பெண்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அக்கா என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, முதலில் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். நாற்றம் அடித்தது. "நல்லா நாறுது" என்று சொல்லிச் சிரித்தாள். பல மாசம் கழித்து அவள் என்னிடம் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெறும் படலமும் ஆவாரம் படலமும் இப்போது ஒரே பையிலிருந்து. முதல் தட்டைப் பார்க்கும் நாளில் நானும் அங்கே இருந்தேன். வெறும் படலத்தைச் சுற்றிக் கிருமி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஆவாரம் படலத்தைச் சுற்றி ஒரு தெளிவான வட்டம். ஆனால் சின்னது. பழைய வட்டத்தில் கால்வாசி இருக்கும். இவ்வளவுதானா என்றேன்.

அவள் அளவுகோலை வைத்து அளந்தாள். திரும்பவும் அளந்தாள். "சின்னதுதான்டா" என்றாள். "ஆனா இது நம்ம வட்டம்."

அடுத்த வாரமும் அதே அளவு வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. படலம் கிழியாமலும் இருந்தது, ஈரத்தில் கரையாமலும் இருந்தது. ஆவாரம் சேர்ந்தால் படலம் இன்னும் உறுதியாகிறதாம், தோல் பதமாவது போல. நாலாவது பையிலிருந்து நான் கெடுத்ததையும் மேடம் விட்டுவிடச் சொல்லவில்லை. மறைக்காமல் எழுது, டேனரியிலிருந்து கொலாஜன் எடுக்கிறவர்களுக்கெல்லாம் இது தெரிய வேண்டும் என்றார். அது புத்தகத்தில் ஐந்தாவது அத்தியாயம் ஆனது. மேடம் ஓய்வு பெறப் பதினெட்டு நாள் இருக்கும்போது புத்தகம் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஊரறிய நடத்துவார்கள், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். முடிந்ததும் வந்தவர்களுக்கு இனிப்பும் காரமும் கொடுப்பது பட்டம் வாங்குகிறவர் வீட்டுக்காரர்களின் பொறுப்பு. அம்மா பட்டுப் புடவையில் வந்தாள், அப்பா ஒரு விரல் குறைந்த காலுக்கு ஷூ போட்டு வந்தார், மேஸ்திரி பாய் அத்தர் பூசி வந்தார். நான் இனிப்புக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தேன். ஓய்வு பெற்றுவிட்ட மேடம் முன் வரிசையில் பதற்றமாக உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். திரையில் தோசைகள் வந்து போயின. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் ஒரு தடவை கூடத் தலை குனியவில்லை என்பது புரிந்தது. அப்புறம் அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்து ஏதோ கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதிலில் ‘மை பிரதர்’ என்று இரண்டு தடவை வந்தது. ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

எழுந்து நின்றேன். தேர்வாளர் தமிழில் கேட்டார்.

"நீதானாப்பா அது? எதுக்கு ஊத்துன?"

நல்ல பதில் ஒன்று வாய் வரை வந்தது. எப்போதும் வரும். அதை விட்டுவிட்டேன்.

"பஸ்ஸுல எங்கக்காவ எறக்கி உட்டுட்டாங்க சார். நானும் சேந்து சிரிச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னொன்று கேட்டார், எவ்வளவு ஊற்றினாய் என்று. பக்கெட்டுக்கு ஒரு மூடி, இரண்டு தடவை வழிந்தது என்றேன். அவர் விரலை வைத்து ஒரு வரியைப் பார்த்தார். "சரியா இருக்கு. இங்க வழிஞ்சதையும் எழுதியிருக்காங்க" என்றார். இவ்வளவு நேர்மையான அத்தியாயத்தைத் தான் அதிகம் படித்ததில்லை என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். பட்டம் தரலாம் என்று பரிந்துரைக்கிறேன் என்பது அதன் சாரம் என்று, கை தட்டல் ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரி பாய் விசிலடித்தார். அப்பா எழுந்து நின்று, பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். அம்மா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் கத்திய கத்தல் வாணியம்பாடி வரை கேட்டிருக்கும்.

பேடாவைப் பிரித்து வைத்தேன். தேர்வாளர் ஒன்றை எடுத்தார், மேடமும் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது மேடம் நிறுத்திவிட்டு, பேடா வந்த பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேர்வாளரும் கையை இறக்கினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"புதுப் பை மேடம்" என்றேன். "உப்பு கூட போடல."

டாக்டரம்மா ஆகிவிட்ட அக்கா முன்னால் வந்து ஒரு பேடாவை எடுத்து நன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, மற்றவர்களும் சாப்பிடலாம் என்று தலையை ஆட்டினாள்.